டீம் லீட்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை எல்லோருக்கும் நேராகத் தொங்கும். இவருக்குத் தொப்பைமேல் மல்லாந்து படுத்திருக்கும். நின்றபடியே சுருக்கமாக முடிக்க வேண்டிய காலைக் கூட்டத்தை, சுழல்நாற்காலியில் சாய்ந்து முக்கால் மணி நேரம் நடத்துவார்.

“எல்லாம் ஸ்ட்ரெஸ்ஸுதான் பாஸ்” என்பார் வயிற்றைத் தடவியபடி. பாதி உண்மை. கிளையன்டிடமிருந்து ‘அவசரம்’ என்று மெயில் வந்தால், எதிரே புலி நிற்பதாக நினைத்து உடம்பு கார்டிசாலைச் சுரக்கும். ஓடுவதற்கென்று ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இவர் எங்கே ஓடுவது? ‘நோட்டட்’ என்று பதில் தட்டிவிட்டு சமோசா சாப்பிடப் போவார். இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் வரும்வரை காத்து நிற்பதற்கும் கிளையன்டுதான் காரணமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேட்டுக்கு வெளியே டீக்கடை. “மாஸ்டர், ஸ்ட்ராங்கா, சர்க்கரை தூக்கலா!” நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 48 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை எக்செல்லில் போட்டுக் காட்டினால் ஃபார்முலாவைத் திருத்தித் தருவார். டீயைக் குறைக்க மாட்டார்.

இரவு விஷயத்தில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நியூயார்க்கில் சாப்பாட்டுக்கு முன் ‘சின்னதாக ஒரு கால்’ என்றால், குளிர்காலத்தில் இங்கே மணி பத்தரை. அது முடிந்த பிறகு கொத்து பரோட்டா, சால்னா. தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும், ‘போதும்’ சொல்லும் லெப்டின் இறங்கும் என்கிறார்கள். ஒரு மணிக்கு ஐஸ்கிரீம் ஆர்டர் செய்வது யாரென்று இப்போது புரிகிறது.

வருடாந்திரப் பரிசோதனையில் இடுப்பு 102 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90 தான் எல்லை. “வாழ்க்கைமுறையை மாத்துங்க” என்றார் டாக்டர். இவர் கைக்கடிகாரத்தை மாற்றினார். புதியது காலடிகளை எண்ணும்; சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டினாலும் எண்ணும் என்பதை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது அலுவலகத்தில் எடைக்குறைப்புப் போட்டி. ஒருங்கிணைப்பாளர் இவரேதான். தொடக்கக் கூட்டத்துக்கு எந்த பக்கெட் பிரியாணி சொல்லலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். மட்டன் முன்னிலையில் இருக்கிறது.