கோடைக்கு ஒரு விளம்பரம்

ஜெர்மனியில் கோடை வந்துவிட்டதா என்று பார்க்க ஜன்னலைத் திறந்து பயனில்லை, ரேடியோவைத் திறக்க வேண்டும். ஜூன் பிறந்ததும் நிலையங்கள் தங்கள் ஜிங்கிளை மாற்றிவிடும். அலையோசை, கடற்பறவையின் கத்தல், சோடா உடைக்கும் சத்தம், அதன்மேல் நாலைந்து பேர் பல் தெரியச் சிரித்தபடி நிலையத்தின் பெயரைப் பாடுவார்கள். (ரேடியோவில் பல் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.) பாடி முடித்த மறுநொடி வானிலை அறிக்கை: 14 டிகிரி, பரவலாக மழை. வாசிப்பவர் குரலில் ஒரு நெளிவும் இருக்காது. நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் வெயிலுக்கு யாரும் விளம்பரம் செய்ததில்லை.

இந்தக் குறும்புக்கெல்லாம் மூத்த அண்ணன், 1975இல் ரூடி காரெல் பாடிய பாட்டு. அசல் கோடை மறுபடி எப்போது வரும் என்பதுதான் அதன் கேள்வி. முந்தைய ஆண்டுக் கோடை மழையில் கரைந்துபோன கடுப்பில் ஜனங்கள் இருந்தார்கள். அந்தக் கடுப்பைப் பாட்டாக்கிப் பாட ஒரு நெதர்லாந்துக்காரர் வரவேண்டியிருந்தது. காரெல் ஜெர்மன் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தவர். மெட்டோ, அமெரிக்காவில் ஸ்டீவ் குட்மேன் ஒரு ரயிலைப் பற்றிப் போட்டது. ஆக, டச்சு வாய், அமெரிக்க ரயில், ஜெர்மன் மழை.

பாட்டில் ஒரு பால்காரர் வருகிறார். வானிலை இப்படிக் கெட்டுப்போனதற்கு அவர் கண்டுபிடித்த காரணம், அப்போது ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி! நம் டீக்கடை பெஞ்சில் அவருக்கு உடனே இடம் கிடைத்திருக்கும். பாட்டு வந்த அந்த ஆண்டு ஆகஸ்டில் வெயில் கொளுத்தித் தள்ளியது வேறு விஷயம். இன்றும் ஜூலையில் நாலு நாள் விடாமல் தூறினால், ஏதாவது ஒரு நிலையம் அதைத் தூசு தட்டிப் போட்டுவிடும்.

ஜூன் 27 அன்றைய வானிலைதான் அடுத்த ஏழு வாரத்துக்கும் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. செயற்கைக்கோள் படத்தை விளக்கிய அதே வாயால் அறிவிப்பாளர் அதையும் சொல்வார், சிரிக்காமல். சிரிப்பது நம் வேலை.

ஆனால் கோடை வந்தால் சும்மா வராது. 2019 ஜூலை 25இல் டூயிஸ்பர்க்கில் 41.2 டிகிரி அடித்தது. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. எனவே ஜூலையில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் மறக்காமல் ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். கூடவே ஒரு பனையோலை விசிறியும்.