குத்தகைக்கு எடுத்த சேறு

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்தே முக்கால், கும்மிருட்டு. இங்கிலாந்தில், கென்ட் பக்கத்து வயல் ஒன்றின் வாசலில் நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். தவமெல்லாம் இல்லை. இன்னொரு காலின் கம்பூட்ஸைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டது. தலையில் டார்ச். கையில் லத்தி அள்ளும் முள்கரண்டி. சாப்பாட்டு மேசை முள்கரண்டிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். எதிரே பத்தடி தள்ளி எங்கள் குதிரை, நான் விழுவேனா மாட்டேனா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வயலை விட்டுவிடுவது என்று அந்த நிமிஷம் தீர்மானித்தேன். மூன்று வருஷத்தில் இது பதினோராவது தீர்மானம்.

குதிரை என்று சொன்னதும் ராஜா தேசிங்கு ரேஞ்சுக்குக் கற்பனை செய்துவிட வேண்டாம். இது வேல்ஸ் மலைப்பக்கத்து மட்டக்குதிரை. இங்கே குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கை என்றால் 4 அங்குலம். எங்களுடையது பன்னிரண்டு கை, அதாவது பிடரி முடிகிற இடம்வரை சரியாக 4 அடி. பெயர் பிஸ்கட், வாங்கும்போதே வந்த பெயர். குதிரைக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. ஆகவே என் மனைவி மாற்றவில்லை. பிஸ்கோத்து என்று தமிழ்ப்படுத்தி மட்டும் கூப்பிடுகிறாள்.

'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடிக்கொள்ளும்' என்று ஊரில் சொல்வார்களே, அதைப் பழமொழி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இல்லை, யாரோ நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது.

எங்கள் ஆட்களுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு கொஞ்சம் பழைய சிக்கல். பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குவதையும், அவற்றை வைத்துப் பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுவதையும் 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். என் விஷயம் தலைகீழ். கோயிலுக்குப் போக வேண்டிய பணம், கூரை மாற்ற வைத்திருந்த பணம், ஊருக்கு டிக்கெட் எடுக்க ஒதுக்கிய பணம் எல்லாம் குதிரைக்குப் போய்விட்டது.

மகளுக்குப் பதினொரு வயதில் பிடித்த பைத்தியம் இது. ஒரு வருஷத்தில் தெளிந்துவிடும் என்றார்கள். இப்போது பதினாலு. குதிரை வாங்குவது சுலபம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் குடும்பத்தின் அஸ்திவாரம் ஆடும். வாடகைக்கு ஒரு வயல் இருக்கிறது, இரண்டு ஏக்கர், வாரம் 20 பவுண்டு என்று யாரோ சொன்னார்கள். ஒரு குதிரைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஏக்கர் வேண்டும் என்பது இங்குள்ள பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் கணக்கு. பிஸ்கட்டுக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. துணை என்பது பக்கத்து வயல் பாட்டியம்மா இரவல் கொடுத்த ஷெட்லாண்ட் குள்ளக்குதிரை. குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், வேலி தாண்டும். குள்ளனுக்கு வயது இருபத்தேழு, பல் பாதி இல்லை, புத்தி மட்டும் முழுசாக இருக்கிறது.

காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர் வருஷத்தில் ஆறு மாதம் சேறு என்பது காகிதத்தில் இல்லை. இந்தப் பகுதிக்கு வீல்டு என்று பெயர். அடியில் கிடப்பது களிமண். நான் கோவில்பட்டிக்காரன். மழை பெய்த கரிசலில் நடந்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும், அதற்கு அடியில் இன்னொன்று. அதைப் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். கரிசல் காலைப் பிடிக்கும், கூடவே வரும். இந்த மண் பிடித்தால் தன்னோடு வைத்துக்கொள்ளும்.

வயலின் மற்ற அங்க லட்சணங்களையும் சொல்லிவிடுகிறேன். வேலி மூன்று தலைமுறையைச் சேர்ந்தது: துருப்பிடித்த முள்கம்பி, சாய்ந்த மரச்சட்டம், பாட்டரியில் ஓடும் மின்வேலி. மின்வேலி குதிரையைத் தவிர எல்லோருக்கும் ஷாக் கொடுக்கும். கதவு என்பது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு ஒன்று. தண்ணீர்த் தொட்டி ஒரு பழைய குளியல் தொட்டி, அவகாடோ பச்சை. எழுபதுகளில் இங்கே குளியலறையை அந்த நிறத்தில் அமைப்பதுதான் நாகரிகமாம். பிறகு நாடே வெட்கப்பட்டுப் பிடுங்கி எறிந்தது. எறிந்ததில் பாதி குதிரை வயல்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது போல. எங்கள் தொட்டியில் இரண்டு குழாய்த்திருகும் அப்படியே இருக்கின்றன, வெந்நீர் ஒன்று, தண்ணீர் ஒன்று. இரண்டிலும் எதுவும் வராது. வர வேண்டிய உண்மையான குழாய் நாங்கள் வந்த இரண்டாம் மாதம் உடைந்தது. வயல்காரரிடம் சொன்னேன். நல்ல மனிதர். "அடுத்த வாரம் மாட்டிடறேன்" என்றார். அன்றிலிருந்து 25 லிட்டர் கேன்களில் வீட்டிலிருந்து தண்ணீர் போகிறது. காரில் எங்கே உட்கார்ந்தாலும் ஈரம்.

இதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பொருள்: காய்ந்த புல் கட்டுகளைச் சுற்றி வருகிற ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கயிறு. கதவுக்குக் கீல் அதுதான். தாழ்ப்பாள் அதுதான். வேலிக்கு ஒட்டு அதுதான். ஒருநாள் பெல்ட் மறந்துபோய் வந்தபோது என் பேண்ட்டையும் அதுதான் காப்பாற்றியது. எந்த முடிச்சை அவிழ்த்தால் எது விழும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய்ப் பிழைப்பேன்?

சட்டப்படி நாங்கள் அங்கே செய்வது என்ன என்பதும் ஒரு நுட்பமான கேள்வி. குதிரை வெறும் புல்லை மட்டும் மேய்ந்தால் அந்த நிலம் விவசாய நிலம். நான் வாளியில் தீனி வைத்துப் பொழுதுபோக்குக்காக வளர்த்தால், நிலத்தின் உபயோகமே மாறிவிட்டது, கவுன்சிலில் அனுமதி வாங்கு என்பார்கள். அதனால் பிஸ்கட் முழுக்க முழுக்க ஒரு விவசாயி. வாளியோடு நான் போவதை யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

களைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959ஆம் வருஷத்துக் களைச் சட்டம் ஐந்து செடிகளைப் பெயர் சொல்லிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது: முட்செடியில் இரண்டு வகை, டாக் என்கிற அகல இலைச் சனியனில் இரண்டு வகை, அப்புறம் ராக்வர்ட். ஐந்து பேரும் எங்கள் வயலில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறார்கள். அதில் ராக்வர்ட்டுக்கு மட்டும் 2003இல் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. பார்க்க மஞ்சள் பூ, லட்சுமிகரமாக இருக்கும். குதிரையின் ஈரலை மெல்ல மெல்லத் தின்றுவிடும். பச்சையாக இருக்கும்போது கசக்கும், குதிரை தொடாது. பிடுங்கிப் போட்டுக் காய்ந்துவிட்டால் கசப்பு போய்விடும், விஷம் போகாது. அப்போது குதிரை ருசித்துத் தின்னும். ஆகவே வேரோடு பிடுங்க வேண்டும், கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும், ஒரு இலை விடாமல் அள்ளிக்கொண்டும் போக வேண்டும். ஜூலை மாதம் முழுவதும் எங்கள் குடும்பச் சுற்றுலா இதுதான். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழுக்கள் அதை மொய்த்துத் தின்னும். நாங்கள் குடும்பத்தோடு பிடுங்குவதைவிட அவை வேகம். மகள் அவற்றை அண்ணன் தம்பி மாதிரி நடத்துகிறாள்.

லத்தி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய குதிரைக்கு நாளுக்கு 20 கிலோ சர்வசாதாரணம். பிஸ்கட் சின்ன உருவம் என்பதால் அதில் பாதி. குள்ளன் வயதுக்கு மீறிப் பங்களிக்கிறான். அள்ளாமல் விட்டால் புல்லில் குடற்புழு பரவும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் கடையைக் கட்டிவிடுவதால், ஆபீஸ் முடிந்து நான் போகும்போது டார்ச் வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். எங்கள் வயலில் மண்ணைத் தோண்டிக் குவிக்கும் மோல் என்ற பிராணியும் ஏராளம். இருட்டில் அது குவித்த மண்ணும் குதிரை போட்டதும் ஒரே மாதிரி இருக்கும். கரண்டியால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்: கரைந்தால் மோல், உருண்டால் பிஸ்கட். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான்.

புழு இருக்கிறதா என்று பார்க்க, லத்தியில் கொஞ்சம் பொட்டலம் கட்டி ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். முட்டைகளை எண்ணிச் சொல்வார்கள். முதல் தடவை தபாலாபீஸ் கவுன்டரில் இருந்த அம்மா, "உள்ளே மதிப்புள்ள பொருள் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். யோசித்தேன். வாடகை, தீனி, லாடக்காரர் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் உண்டு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இதை ஒருநாள் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏய்யா, நம்ம வீட்டுல நாலு மாடு நின்னுச்சு. ஒருநாளாச்சும் ஒரு கூடை சாணி அள்ளிருப்பியா? படிக்கிற பிள்ளைன்னு விட்டேனே" என்றாள்.

ஆக, அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வேறு இடம் பார்க்கக் கிளம்பினோம். நான்கு மைல் தள்ளி, குதிரைகளுக்கான நல்ல விடுதி ஒன்று. லாயம் செங்கல் கட்டடம். மணல் பரப்பிய சவாரித் திடல், அதற்கு ஃப்ளட்லைட். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மனைவி அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் என் காதில், "அப்பா, இங்க டாய்லெட் இருக்கு" என்றாள். மூன்று வருஷமாக வேலிப்புதர் ஓரம் ஒதுங்கிய பெண்ணின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

வாடகை ஐந்து மடங்கு. அது போகட்டும். சுவரில் விதிகள் எழுதிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. கூடத்தில் வாளி வைக்கக் கூடாது. ஏழு மணிக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் புல்வெளி கெட்டுவிடும் என்பதால் குதிரைகளை வெளியே விடுவது கிடையாது. அதாவது நான்கு மாதம் பிஸ்கட் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். படியளக்கும் விடுதிதான், ஆனால் வார்டன் கண்டிப்பானவர். கோவில்பட்டியில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குக் குதிரையின் நிலைமை புரிந்தது.

போதாததற்குக் குதிரை டாக்டரம்மா வேறு குழப்பினார். பிஸ்கட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்து, விலாவில் கையை ஓட்டிப் பார்த்து, "அருமையாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். விஷயம் இதுதான்: வேல்ஸ் மலையில் கிடைத்ததைப் பொறுக்கித் தின்று வளர்ந்த ஜாதி இது. கறவை மாட்டுக்காக வளர்த்த கொழுத்த புல்லில் விட்டால், காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் பாய்ந்த கதைதான். புல்லில் இருக்கும் சர்க்கரை ஏறி, குளம்பையும் உள்ளெலும்பையும் பிடித்திருக்கும் சதை அழன்று, நிற்க முடியாமல் போய்விடும். லாமினைட்டிஸ் என்பார்கள், சின்னக் குதிரைகளைச் சாகடிப்பதில் பெரிய பங்கு அதற்கு உண்டு. அந்த நல்ல விடுதியின் புல்வெளி முன்னே மாட்டுப்பண்ணையாக இருந்தது. எங்கள் வயலில் உரம் போட்டவர் யாரும் உயிரோடு இல்லை. தரித்திரம் பிடித்த அந்தப் புல்தான் மூன்று வருஷமாக எங்கள் குதிரையின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. "நல்ல மோசமான வயல். விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படியும் விடுதியில் பெயர் கொடுத்து வைத்தோம். நவம்பரில் இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியல். நவம்பரில் எங்குமே இடம் இருக்காது, ஏனென்றால் நாட்டில் இருக்கும் எல்லோரும் அன்றைக்கு எங்கோ ஒரு வாசலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். சாமான் கட்டுவதற்குத் தடையொன்றும் இல்லை. பிஸ்கட்டுக்கு உடம்பில் மைக்ரோசிப் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் இருக்கிறது. இங்கே எல்லாக் குதிரைக்கும் இரண்டும் கட்டாயம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். இது ஓடியாடித் திரிகிற வயதிலேயே வாங்கிவிட்டது.

விடுதியிலிருந்து போன் வந்தது மே மாதம் இரண்டாவது வாரம்.

மே மாதத்தில் அந்த வயலைப் பார்த்தவர்கள் நான் இதுவரை சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள். சேறு இருந்த இடம் தரைபோல இறுகிக் கிடந்தது. வேலிப்புதர் முழுக்க ஹாதார்ன் வெள்ளையாகப் பூத்து, முள்கம்பியை மறைத்துவிட்டது. தகைவிலான் குருவிகள் குளியல் தொட்டியின் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தன. குள்ளன் வெயிலில் பக்கவாட்டில் படுத்து உரக்கக் குறட்டை விட்டான். மகள் சேணமில்லாமல் பிஸ்கட்டின் முதுகில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அது அவளையும் சுமந்துகொண்டு தன்பாட்டுக்கு மேய்ந்தது. நான் கதவின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றது போன்.

அதே நேரம் பாருங்கள், வயல்காரர் டிராக்டரில் வந்து இறங்கினார். பின்னாலிருந்து நீல நிறத்தில் ஒரு சுருள் புதுத் தண்ணீர்க்குழாயை எடுத்து, கதவோரம் பொத்தென்று போட்டார். மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் குழாய் என்ற பொருளைக் கண்ணால் பார்க்கிறேன். "அடுத்த வாரம் மாட்டிடறேன்" என்றார். கையை ஆட்டினார், போய்விட்டார். நாங்கள் குழாயைச் சுற்றி நின்று பார்த்தோம். பிஸ்கட்டும் வந்து முகர்ந்து பார்த்தது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "விடுதிக்காரங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே."

ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "எந்த வெள்ளிக்கிழமைன்னு கேட்டுக்கிட்டீங்களா?"