கயிறு பிடித்த மச்சானும் கணக்கு எழுதிய துரையும்

கொற்கையில் முத்துக்குளிக்கும் வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள்: ஆள் ஏற்கெனவே தண்டனை பெற்ற குற்றவாளியாக இருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முதலாம் நூற்றாண்டில் இந்தக் கடல்வழிகளை எழுதிவைத்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் 'பெரிப்ளூஸ்' நூலில் சொல்லியிருக்கிறார். கைதிக்குப் பஞ்சப்படி உண்டா, மழைக்கால விடுப்பு உண்டா என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. மூழ்கியவர் எழவில்லையென்றால் பாண்டியனுக்கு ஒரு கைதியின் சோற்றுச் செலவு மிச்சம். அந்தக் காலத்தில் ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதெல்லாம் முத்து. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் காசைக் கறந்துவிடுகின்றன என்று பிளினி புலம்பித் தள்ளினார். பிளினி வீட்டு நகைப்பெட்டியை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலின் மொத்த இயந்திரமும் ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு வலைப்பை. கல்லில் காலை ஊன்றி, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறங்கினால் கல்லே கீழே கொண்டுபோய் விட்டுவிடும். சிப்பி கிடக்கும் கடலடிப் பாரில் கால் பட்டதும் கல்லை விட வேண்டும். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். குளிப்பவருக்கு ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் பையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். இதில் அசல் கண்டுபிடிப்பு கல்லும் இல்லை, கயிறும் இல்லை. கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பதுதான். மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். அண்ணன் தம்பியென்றால் பாகப்பிரிவினை ஞாபகம் வந்து தொலைக்கும். கூடப் பிறந்தவளின் தாலி தண்ணீருக்குள் கிடக்கும்போது மச்சான் கண் அசர மாட்டார். இதைவிடக் குறைந்த செலவில் பாதுகாப்பு ஏற்பாடு செய்த கம்பெனி இதுவரை உலகத்தில் இல்லை.

அடுத்து வந்த தொழில்நுட்பம் மந்திரம். 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அதை வாய் பிளந்து எழுதியிருக்கிறார். ஏப்ரலில் படகுகள் கிளம்பும்போது சுறாவின் வாயைக் கட்டப் பிராமணர்களும் கூடப் போவார்கள். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரத்துக்கு இருபதில் ஒரு பங்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரி எவனாவது திருட்டுத்தனமாக இறங்கினால் சுறா பார்த்துக்கொள்ளும். பகலில் காப்பீடு, இரவில் காவல், இரண்டுக்கும் ஒரே கட்டணம்.

1530களில் போர்த்துகீசியர் துணையோடு கரைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அத்தோடு மந்திரத் துறைக்கு மூடுவிழா நடந்திருக்க வேண்டும் அல்லவா? நடக்கவில்லை. 300 வருஷம் கழித்து மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருந்துகொண்டு எமர்சன் டென்னன்ட் துரை எழுதுகிறார்: சுறா வாயைக் கட்டும் கடல்கட்டி வராமல் ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை, அது பரம்பரைப் பதவி, இப்போதைய குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். சுறா யாருடைய ஞானஸ்நானச் சீட்டையும் வாங்கிப் பார்க்கவில்லை போலும்.

மதம் மாற்றியாயிற்று, பாடம் சொல்லித்தர வேண்டுமே. 1542இல் வந்து இறங்கிய பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்த ஆட்களைப் பிடித்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை அவரே மனப்பாடம் செய்து, கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். இன்று பேரன் தாத்தாவுக்குச் செல்போன் கற்றுத்தருவது போலத்தான்; தாத்தாக்களின் முகமும் அப்படியேதான் இருந்திருக்கும்.

அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் ஆள் வேறு மாதிரி. தமிழை முறையாகக் கற்று, இலக்கணமே எழுதிவிட்டார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நம் கையில் இருப்பவற்றுள் மூத்தது. அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தது இந்தக் கரைப் பரதவர்கள்தான். மூச்சை அடக்கிச் சம்பாதித்த காசு ஈய எழுத்தாக உருகி வார்க்கப்பட்டது. கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும் என்று கேட்டு விழாவைக் கெடுக்காதீர்கள். 1586இல் அதே ஆசாமி புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் 600 பக்கத்துக்கு மேல் அச்சடித்தார். நன்கொடை கொடுத்தவர்கள் அதைத் தூக்கிப் பார்த்திருந்தால் முத்துக்குளிக்க இன்னொரு கல் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார்கள்.

1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1825இல் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நடந்ததில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கணக்கு. படகு கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று குவியலாகக் கொட்ட வேண்டும். அதில் ஒன்று குளித்தவர்களுக்கு. மற்ற இரண்டும் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சுறாவைக் கட்ட மந்திரம் இருந்தது. இந்த இரண்டு பங்கைக் கட்ட எந்தப் பரம்பரையிடமும் மந்திரம் இல்லை.

ஏலம் எடுத்தவர் சிப்பியைத் திறந்து பார்க்க மாட்டார். அழுகவிடுவார். ஒரு வாரம் ஈ மொய்த்து, புழு வைத்து, சதையெல்லாம் கரைந்த பிறகு கழுவி, அடியில் தங்கிய மண்ணைத் துழாவினால் முத்து. அதன் நாற்றம் பல மைலுக்கு அடிக்குமாம். பிறகு வரும் பித்தளைச் சல்லடைகள். ஒரே அளவுத் தட்டுத்தான். முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறி, கடைசித் தட்டில் 1000 துளை. 20இல் தங்கினால் பெரிய மனிதர், 1000இலும் தங்காமல் ஒழுகினால் தூள். அதற்கு மேல் நிறமும் வடிவமும் பார்த்து ஆணி, ஆணிதாரி, கல்லிப்பு, குருவல் என்று சாதி பிரிப்பார்கள். புழுவுக்குள் பிறந்ததைக் கழுவித் துடைத்து ஏணிப்படியில் நிறுத்தும் இந்தக் கலையில் நம் ஊருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் ஒரே தொல்லை, சிப்பி. நினைத்தால் வரும், நினைத்தால் இருபது முப்பது வருஷம் தலைகாட்டாது. தொலையிரம் பாரில் இன்று கோடி சிப்பி இருக்கும். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் வெறும் மணல். உலகத்தின் மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். தடியடி நடத்தவும் வழியில்லை. 1902இல் இலங்கை அரசு ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்தது. அவரும் உதவியாளர் ஹார்னெலும் சிப்பியை அறுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நல்ல முத்துக்குக் காரணம் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு, அந்தப் புழு வளர்ந்து பெரிதாவது திருக்கையின் வயிற்றில். சுறாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் திருக்கை. ஆக, எந்த வகையறாவை விரட்டக் கடல்கட்டிக்கு நூற்றாண்டுக்கணக்கில் கூலி கொடுத்தார்களோ, அதுதான் முத்துக்கே பாட்டனார் என்றது விஞ்ஞானம். கடல்கட்டி சிரித்திருப்பார். சில வருஷத்தில் அந்தக் கொள்கையும் நிற்கவில்லை, விஞ்ஞானிகளே கைவிட்டார்கள்.

1905இல் இலங்கைப் பக்கம் 8 கோடிச் சிப்பி கிடைத்தது. லண்டன் முதலாளிகள் எச்சில் ஊற, 1906இல் ஒரு கம்பெனி 20 வருஷத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. நீராவிப் படகு, வாருவலை, விஞ்ஞான ஆலோசனை எல்லாம் தயார். 1907க்குப் பிறகு சிப்பி வரவில்லை. 1912இல் கம்பெனி கடையைக் கட்டியது. ஹார்னெல் இந்தப் பக்கம் வந்து சென்னை சர்க்காரின் முத்து, சங்குத் துறையைக் கவனித்துக்கொண்டார். சங்கு அப்படி ஓடிப் போவதில்லை. வங்காளத்தில் கல்யாணம் நடக்கிற வரைக்கும் வளையலுக்குச் சங்கு வேண்டும்.

அதே 1906இல் தூத்துக்குடி ஊருக்குள் வேறொரு கூத்து. ரயில் 1876இலேயே வந்துவிட்டது. சென்னையில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கிக் கொழும்புக் கப்பல் பிடிக்கலாம். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. வெள்ளைக்காரன் கட்டணமே வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் தருகிறேன் என்றான். இன்றைக்கு முதல் சவாரி இலவசம் என்று செல்போன் செயலிகள் செய்கிற வித்தை எல்லாம் அந்தக் குடையின் கொள்ளுப்பேரன்கள். போட்டியில் ஜெயிக்க முடியாதபோது ராஜதுரோகச் சட்டத்தை எடுத்தார்கள். நீராவிக் கப்பல் கொண்டுவந்தவரைக் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். வேலையாளுக்குப் பதில் இயந்திரம் வருவதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. இயந்திரம் வைத்திருந்தவரை மாடாக்கிய சர்க்கார் இது ஒன்றுதான். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போகத் தொடங்கினார்கள். தூத்துக்குடியின் கடலோ ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகள் தோணியில் போய் வரும். தோணிக்காரருக்கு ஆழமில்லாத கடலே சோறு போட்டது. 1974இல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே வந்து ஒட்டின. பிறகு கன்டெய்னர் வந்தது. மூட்டை தூக்கிய முதுகுகள் போய், ஒரு கிரேன் இயக்குபவர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டார். தோணி செத்துவிடும் என்றார்கள். அது பாயைச் சுருட்டிவிட்டு என்ஜினைப் பொருத்திக்கொண்டு, கல்லும் காய்கறியும் ஏற்றி மாலத்தீவுக்குக் கிளம்பிவிட்டது.

சிப்பி 1955 முதல் 1961 வரை கடைசியாக ஒருமுறை வேலைக்கு வந்துவிட்டு நிரந்தர விடுப்பில் போயிற்று. விடுவார்களா? 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி கே. அழகர்சாமி, ஜப்பான்காரர் வழியில் சிப்பிக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வாயை லேசாகத் திறந்து ஒரு சின்ன மணியையும், இன்னொரு சிப்பியின் தோலில் நறுக்கிய ஒரு துணுக்கையும் உள்ளே செருகிக் கூண்டில் போட்டுக் கடலில் தொங்கவிட்டார்கள். உருண்டை முத்து வந்தது. கொற்கைக் கைதிகளின் வேலை கடைசியில் சிப்பியின் தலையிலேயே விழுந்தது. இந்த முறை சிறையும் அதற்கே. ஆனாலும் தொழிலாக அது பெரிதாக எழும்பவில்லை.

சங்குக்காரர்கள் மட்டும் இன்னும் இறங்குகிறார்கள், கல்லுக்குப் பதில் கண்ணாடியும் காலில் துடுப்பும். மேலே காற்றுக் குழாய் பார்த்துக்கொள்பவரும் சில படகுகளில் சொந்தக்காரர்தான். விலை சொல்கிறவர் அப்போதும் இப்போதும் கரையில்தான் இருக்கிறார்.

இத்தனைக்கும் தூத்துக்குடி ரயிலின் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். அதில் வந்திறங்கி முத்து கேட்கும் வெளியூர்க்காரருக்கு அண்ணாச்சிகள் பேக்கரிக்கு வழி காட்டுவார்கள். மக்ரூனும் வெள்ளையாகத்தான் இருக்கும். கால் கிலோ வாங்கினால் டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். கழுத்தில் மட்டும் கோத்துப் போட முடியாது.