அச்சு முறிந்த ஊரில் 3306

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேருக்கே அச்சு முறிந்த ஊர் அச்சரப்பாக்கம். பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதுதான் காரணம் என்கிறது தலபுராணம். அதே ஊரில் மாடியறையில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் மைஎஸ்க்யூஎல் சர்வரோடு தன் முதல் இணையதளத்தை இணைக்கப் பார்க்கும் தம்பி கும்பிட வேண்டிய பிள்ளையார்கள் ஏராளம்.

முதலாமவர் ஃபயர்வால். 3306-ஆம் போர்ட்டை அவர் திறக்காதவரை 2003 என்ற பிழை எண்தான் பிரசாதம். தம்பியோ விடாமல் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார். பேச்சு பாஸ்வேர்டு வரை போகவே இல்லை என்பதை யார் சொல்வது?

அடுத்தவர் பைண்ட்-அட்ரஸ். அங்கே 127.0.0.1 என்றிருந்தால் சர்வர் தன்னோடு மட்டுமே பேசும். (சில அலுவலகங்களும் அப்படித்தான்.) அவரைத் தாண்டினால் பிழை எண் 1130. பெயரைக்கூடக் கேட்காமல், எந்த ஊர்க்காரர் என்று பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார். சரி, நம் ஐபி முகவரிக்கு அனுமதி வாங்கினோம் என்றால், மொபைல் இணையத்தில் அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெறுத்துப்போன தம்பி அந்த இடத்தில் சதவீதக் குறியைப் போட்டுவிடுவார். அதாவது, எங்கிருந்தும் வரலாம். உடனே வேலை செய்யும். தம்பிக்கு மட்டுமல்ல.

வேறு யார் வருவார்கள் என்கிறீர்களா? 2017 ஜனவரியில், பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள் சிலர்.

எஸ்எஸ்ஹெச் டனல் வழியாகப் போனால் 3306-ஐ வெளியே காட்டவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“சரிண்ணே, அதுக்கு 22-ஆம் போர்ட்டைத் திறக்கணுமாமே, அது எங்க இருக்கு?”