வாடைக்கு முன்னால் வள்ளம்

கரிசல்காட்டில் வளர்ந்தவனுக்குப் புயல் என்றால் நல்ல சேதி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தையே பார்த்திருக்கும் சம்சாரிக்கு, திருநெல்வேலி வானொலியில் 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று காதில் விழுந்தாலே பாதிக் கண்மாய் நிரம்பின மாதிரி. அதே சேதி கேட்டு வயிறு கலங்குகிறவர்களும் உண்டு என்பதை, கோவில்பட்டியிலிருந்து பஞ்சுப் பொதி மேல் உட்கார்ந்து, எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி அப்பாவோடு வேம்பார்க் கரைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போதெல்லாம் பலகை வள்ளம்தான். வாடைக்காற்று தொடங்கும் முன் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திரியாக முறுக்கி வைத்து, உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சுடச்சுடப் பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் காட்டில் வெடித்த பருத்தி கடல்தண்ணீரைத் தடுத்து நிற்கிறதே என்று எனக்கு அப்படியொரு பெருமை! வீடு திரும்பி இரண்டு நாளானாலும் சட்டையில் குங்கிலிய வாசம் போகாது. அந்த வாசம் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் இந்நேரம் மூக்கை உறிஞ்சியிருப்பார்கள்.

பனந்தடிகளை உருளைகளாகப் போட்டு, அம்பா என்னும் இழுவைப் பாட்டைப் பாடிக்கொண்டு, யார் வள்ளம் என்று பாராமல் ஊரே தோள் கொடுத்து மேட்டுக்கு ஏற்றும். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் கடல் கொண்டுபோன கதையைச் சொல்லிக்கொண்டே தென்னைநார் வடத்தைப் பனைமரத்தில் சுற்றிக் கட்டுவார் வேம்பார் மாமா. கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு, "மழைக்கு நேர்ந்துக்கிறப்ப எங்க வள்ளத்தையும் நெனைச்சுக்கிடுங்க மருமகனே" என்பார்.

இன்று ஃபைபர் வள்ளம். பஞ்சும் வேண்டாம், குங்கிலியமும் வேண்டாம். கரையேற்ற டிராக்டர் வந்துவிட்டது. அம்பா பாட ஆளில்லை, தேவையுமில்லை. ஆனால் லேசான வள்ளமாயிற்றே, கரையில் கிடப்பதையே காற்று புரட்டிவிடும். என்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, மணல் மூட்டையை ஏற்றிப் பாரம் கொடுக்கிறார்கள். தண்ணீரில் நங்கூரமிட்டு நிற்பவற்றை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டச் சொல்கிறது மீன்வளத்துறை. 2004 முதல் நம் பக்கத்துப் புயல்களுக்குப் பெயரும் வந்துவிட்டது. புயல் புறப்படும் முன்பே அதன் பாதை செல்போனில் ஓடுகிறது. 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் சேதி எட்டாமல் போனவர்களை நினைத்தால், இந்த வசதி ஒவ்வொரு படகுக்கும் போய்ச் சேரவேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. அம்பா போனால் போகட்டும்.

ஆனாலும் 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் பெயர் வைத்த புயலா வந்தது? வெறும் மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. கோவில்பட்டிப் பக்கம் கண்மாய்கள் மறுகால் பாய, மழை போதும் என்று கரிசல்காரன் வாய்விட்டுச் சொன்ன நாள் அது. வள்ளம் பத்திரமா என்று கேட்க வேம்பாருக்குப் போன் போட்டேன். மாமா மகன் எடுத்த எடுப்பில் கேட்டான்: "மச்சான், ஒங்க கண்மாய்க்கரை நிக்கிதா?"