பதினாறுக்குப் பதினாறு விலங்கியல்: கொல்கத்தாத் திண்ணைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினி விளையாட்டில் ஓடியாடும் ஒரு விலங்கை வரையக் குறுக்கே பதினாறு, நெடுக்கே பதினாறு கட்டம் போதும் என்பது பிக்சல் ஓவியர்களின் பழைய கணக்கு. மொத்தம் 256 கட்டம். வெளிக்கோடு ஒரு பங்கைத் தின்றுவிடும். வெற்றிடம் இன்னொரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சியதில் கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு, வாலுக்கு நாலு என்று ரேஷன் முறையில்தான் உறுப்புகளை வழங்க முடியும். காதுக்குரிய கட்டம் ஒன்று இடம் மாறினால் பூனை ஆந்தையாகிவிடும். ஆகவே உயிரினங்களின் தோற்றத்தை விளக்க டார்வின் மட்டும் போதாது, தோளுக்குப் பின்னால் வந்து நின்று “என்னப்பா இது, எலியா?” என்று கேட்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: பிக்சல் விலங்குக்கு உயிர் கொடுப்பவர் வரைபவர் அல்லர், பார்த்துக் குறை சொல்பவரே. குறை சொல்வதைக் கலையாக வளர்த்த நகரம் கொல்கத்தா. ஆதலால் இக்கலையின் தலைமைப் பீடம் டோக்கியோவில் இல்லை, வடகொல்கத்தாவின் கர்பார் சாலையில் இருக்கிறது. முதல் இரண்டு கூற்றுகளுக்குச் சான்று தாராளம். மூன்றாவதற்குக் கொஞ்சம் குறைவுதான். ஆயினும் அதைவிடக் குறைந்த சான்றுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

வரைபவருக்கு ஏன் தன் விலங்கு தெரிவதில்லை? அது என்ன விலங்கு என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதால்தான். டிராகன் வரைய உட்கார்ந்தவர் எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் அதில் டிராகனைக் கண்டுவிடுவார். போதாக்குறைக்குத் திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்; விளையாடுபவருக்கோ அது நகத்தளவில்தான் தெரியப்போகிறது. தொடக்கக்காரர்கள் செய்யும் பிழைகள் எல்லாம் இந்த அறியாமையிலிருந்து வருபவை. ஒளி எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்று தீர்மானிக்காமல் ஓரமெல்லாம் கறுப்பு, நடுவெல்லாம் வெளுப்பு என்று நிழலிட்டால் விலங்கு பஞ்சு அடைத்ததுபோல் உப்பிவிடும். இத்தொழிலில் இதைப் பில்லோ ஷேடிங் என்பார்கள். வளைவில் ஒரு கட்டம் துருத்தினால் முதுகு மாடிப்படியாகும். எங்கும் ஒட்டாமல் தனித்து நிற்கும் கட்டம் மச்சமா அழுக்கா என்று எவராலும் சொல்ல முடியாது. நாலு நிறத்தில் முடிய வேண்டிய உடலுக்கு நாற்பது நிறம் ஊற்றினால் சகதிதான் மிஞ்சும். இவற்றில் எதையும் வரைந்தவர் தானாகக் கண்டுகொள்வது அரிது. எதுவும் தெரியாத, வேறு வேலையும் இல்லாத ஒருவர் அரை விநாடி பார்த்துவிட்டு “கால் எங்கே?” என்று கேட்டால் போதும். வல்லுநர்கூட இந்த இடத்துக்குப் பொருந்த மாட்டார். அவர் மரியாதைக்காகவாவது டிராகன் என்று ஊகித்துவிடுவார்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1978-இல் தொமொஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை உருவாக்கியபோது, மனித உருவங்களைச் சுடுவது நல்லதல்ல என்ற ஆட்சேபம் குறுக்கே வந்தது. மனிதர்கள் விலகினார்கள், கணவாயும் நண்டும் எண்காலியும் போன்ற ஜந்துக்கள் படையெடுத்தன. உலகின் மிகப் பிரசித்தமான பிக்சல் விலங்குகள் இப்படி ஒரு ‘கூடாது’ என்ற சொல்லுக்குப் பிறந்தவை. 1996-இல் ஜப்பானில் போக்கிமான் விளையாட்டின் சிவப்பு, பச்சைப் பதிப்புகள் வந்தன. கேம் பாய் கருவிக்குத் தெரிந்தது நாலே சாயல். மிகப் பெரிய உருவத்துக்கும் 56-க்கு 56 கட்டத்துக்கு மேல் இடமில்லை. அந்த வேலிக்குள் 151 உயிரினங்கள். அதே ஆண்டில் நீலப் பதிப்பு வந்தபோது அவற்றின் போர்க்கோலப் படங்களைப் புதிதாக வரைந்திருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் படங்களைப் பார்த்து யாரோ உரக்க ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படும்.

இனி கொல்கத்தா. அங்கே பழைய வீடுகளின் வாசலில் தெருவைப் பார்த்த சிமெண்டுத் திண்ணை உண்டு, ராக் என்பார்கள். அதில் உட்கார்ந்து நோக்கமின்றி, முடிவின்றி, தயவின்றிப் பேசுவதற்கு அட்டா என்று பெயர். கல்லூரித் தெரு காப்பி ஹவுஸில் அது நாற்காலிக்கு இடம் பெயரும்போது அறிவுத்துறையாகிவிடுகிறது. ஒரு கோப்பை காப்பிக்கு எத்தனை மணி நேரம் என்று அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிக்சல் கல்விக்கு வேண்டிய மூன்று தகுதிகளும் இந்தச் சபைக்கு உண்டு: ஓய்வு, அபிப்பிராயம், கேட்காமலே சொல்லும் தாராளம். மண்குவளைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு ஒரு தாதா, அதாவது அண்ணன், “இது கரடி இல்லை” என்று சொன்னால், அடுத்தவர் உடனே “கரடிதான், ஆனால் செத்த கரடி” என்பார். வரைந்த பையன் ‘செத்த’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கண்ணின் மேற்கட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பான். கரடி எழுந்துவிடும். எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு மலிவாக இதைச் செய்ததில்லை.

கர்பார் சாலை நூறாம் எண்ணுக்கு வருவோம். உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி தன் அச்சகத்துக்கும் குடும்பத்துக்குமாகக் கட்டிய வீடு அது. அவர் குழந்தை எழுத்தாளர், வயலின் வாசிப்பவர். அதோடு புள்ளிகளைத் தீவிரமாக ஆராய்ந்தவர். ஹாஃப்டோன் அச்சில் ஒளிப்படத்தைக் குறுக்குக் கோடுகள் கொண்ட கண்ணாடித் திரை வழியாக மறுபடி படமெடுப்பார்கள். படம் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக உடையும். மை ஒரே கறுப்புதான். கண்தான் அதைச் சாம்பலாகக் கலந்துகொள்கிறது. திரைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, லென்ஸின் துளை எப்படி, கோடுகள் எந்தக் கோணம் என்று கணக்கிட்டு லண்டனின் பென்ரோஸ் ஆண்டுமலரில் அவர் 1897 முதல் எழுதிய கட்டுரைகள் அச்சுலகில் மதிக்கப்பட்டவை. நாலு சாயலை வைத்துக்கொண்டு ஐந்தாவதைக் காட்டப் பிக்சல் ஓவியர் இன்று கறுப்பும் வெளுப்புமாகக் கட்டங்களை மாற்றி மாற்றி அடுக்குகிறாரே, அந்தத் தந்திரத்தின் மூத்த அண்ணன் இது. ஆக, தந்தையிடம் புள்ளி. மகன் சுகுமார் ராய் இங்கிலாந்தில் அச்சுக்கலை படித்து 1913-இல் திரும்பி, விலங்குகளைக் கொண்டுவந்தார்: வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்த ஹான்ஸ்ஜாரு, யானையும் திமிங்கிலமும் சேர்ந்த ஹாதிமி. படங்களும் அவரே வரைந்தவை. ஒரு மிருகத்தை அடையாளம் காட்ட எந்த உறுப்பு போதும், எதை விட்டுவிடலாம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு பிக்சல் ஓவியரின் தெளிவேதான்: அலகு இருந்தால் வாத்து, முள் இருந்தால் முள்ளம்பன்றி, மீதியைப் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார். இவற்றுக்கு முதல் நீதிபதிகள் ‘சந்தேஷ்’ இதழின் குழந்தை வாசகர்கள். அவர்களைவிட இரக்கமற்ற சபை வேறில்லை. இந்த விலங்குகள் ‘ஆபோல் தாபோல்’ நூலாக வெளியானது 1923 செப்டம்பர் 19; அதற்கு ஒன்பது நாள் முன்பே சுகுமார் காலமாகிவிட்டார்.

மூன்றாவது தேவையான குறை சொல்லும் வாயும் அதே வட்டத்தில் கிடைக்கிறது. சுகுமார் கூட்டிய ‘மண்டே கிளப்’ வாரந்தோறும் கூடி, இலக்கியம் முதல் இனிப்பு வரை எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு மதிப்பிட்டது. வாயில் இனிப்பு இருக்கையில் விமர்சனம் சுருக்கமாக வரும் என்பது இந்த ஆய்வின் துணைக் கண்டுபிடிப்பு. அக்கிளப்பின் உறுப்பினர்களில் ஒருவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான், நகரின் வடக்கே பாராநகரில், நாட்டின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றான ஹெக்-2எம் 1956-இல் வேலைக்கு வந்தது. புள்ளி, விலங்கு, வாய், கணினி: நான்கும் ஒரே நட்பு வட்டத்தில். அந்தக் கணினியில் ஹான்ஸ்ஜாரு வரையப்பட்டதா என்று எவரேனும் கேட்டால், அது கணக்குப் போட வந்த இயந்திரம் என்பதே விடை. கேள்வி நாகரிகமற்றது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

மறுப்புகள் உண்டு. தனியே உழைக்கும் மேதைக்கு அயலார் கருத்து எதற்கு, தாகூரைப் பாருங்கள் என்பது ஒன்று. 1924-இல் அர்ஜெண்டினாவில் தங்கியிருந்தபோது அவர் கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைக்க, அவை அலகும் பல்லும் கொண்ட விசித்திர ஜந்துக்களாக மாறின. ஆனால் அடித்தல் என்பதே குறை சொல்லல்தானே? தன் வரியைத் தானே வேண்டாம் என்ற இடத்தில்தான் விலங்கு முளைத்தது. அப்போதும் அதைக் கண்டு வியக்க விக்டோரியா ஒகாம்போ என்ற பெண்மணி தேவைப்பட்டார். 1930 மே மாதம் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. நோபல் பெற்றவருக்கே பார்வையாளர் வேண்டியிருந்தது என்றால் பதினொன்றாம் வகுப்பு மாணவனுக்கு வேண்டாமா?

மயிலாப்பூரிலிருந்து வரும் மறுப்பு இன்னும் காரமானது. புள்ளி வைத்து மயில் வரைவது எங்கள் வாசலில் நடக்கிறது, எதிர்வீட்டு மாமியின் விமர்சனமும் குறைவில்லாமல் கிடைக்கிறது, கொல்கத்தாவுக்கு என்ன பட்டம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புள்ளிக்கோலத்தில் பிழையைக் கோலமே காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு பக்கம் ஏழு புள்ளி, மறுபக்கம் எட்டு என்றால் மாமி தேவையில்லை. நடக்கும் விலங்குக்கு அப்படிச் சமச்சீர் கிடையாது. அதன் பிழை பார்ப்பவர் மனத்தில்தான் தெரியும். கொல்கத்தாவிலேயே எதிர்ச்சான்று இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சோவாபஜார் ராஜ்பாரி போன்ற பழைய வீடுகளின் துர்க்கை சிலைகளில் சிங்கத்துக்குக் குதிரை முகம். இத்தனை விமர்சகர்கள் உள்ள ஊரில் அது எப்படித் தப்பித்தது? மேலே துர்க்கை, கீழே மகிஷன். நடுவில் இருப்பது சிங்கமல்லாமல் வேறென்ன? சூழல் அடையாளம் சொல்லிவிடும் விலங்குக்கு விமர்சனம் வேண்டாம். பிக்சல் விலங்கு ஏறி உட்கார ஆளில்லாமல் தனியாக நிற்பது.

ஆளுக்கொன்று சொன்னால் படம் உருப்படுமா என்பது கடைசி மறுப்பு. மற்றக் கலைகளில் உருப்படாதுதான். இங்கே காப்பாற்றுவது கட்டங்களின் வறுமை. எந்தக் கருத்துக்கும் ஒரே பதில் கேள்வி போதும்: “எந்தக் கட்டம்?” விரலால் தொட்டுக் காட்ட முடியாத கருத்து அங்கேயே செல்லாமல் போகும். காட்ட முடிந்தால் அந்தக் கட்டத்தை மாற்றிப் பார்க்க ஒரு நொடி, பிடிக்காவிட்டால் திரும்ப வைக்க இன்னொரு நொடி. நாவலை எழுதியவருக்கு இந்த வசதி கிடையாது. அட்டாவின் உண்மையான ஆபத்து வேறு: பேச்சு எந்த நேரத்திலும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துப் பக்கம் திரும்பிவிடும், அதன்பின் உங்கள் விலங்கை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே பிக்சல் விலங்கு பழகும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறுங்கள். முடியாவிட்டால் உங்கள் தெருவிலேயே வேலையில்லாத நாலு பேர் கூடும் தேநீர்க்கடையைத் தேடுங்கள். படத்தை அதன் அசல் அளவிலேயே காட்டுங்கள், பெரிதாக்காதீர்கள். அது என்ன விலங்கு என்று மட்டும் தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.