மேகம் கறக்கும் மரம்

கேள்வி: என் மாயாஜாலக் கதையில் காட்டுக் குடிகளுக்கு ஒரு மரமே தண்ணீர் தருகிறது. வாசகர்கள் நம்புவார்களா?

பதில்: தாராளமாக நம்புவார்கள், அப்படி ஒரு மரம் இருந்ததே! கேனரித் தீவுகளில் எல் யெர்ரோ என்றொரு தீவு, ஆறே கிடையாது. அங்கே 'கரோயே' மரம், கடலிலிருந்து மலையேறும் மேகத்தை இலைகளால் வழிமறித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கியது. அடியில் குழி வெட்டித் தேக்கிக் குடித்தார்கள் பிம்பாச்சே பழங்குடிகள். பசுவைக் கறப்பது தெரியும், மேகத்தைக் கறப்பதைப் பாருங்கள்! 1610இல் புயல் அதைச் சாய்த்துவிட்டது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. அதே இடத்தில் பின்னாளில் இன்னொன்றை நட்டார்கள், அதுவும் சொட்டுகிறது. நம் பிரியாணிப் பட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு அந்த மரம். உங்கள் கதையில் மந்திரவாதியைக் குறைத்து மூடுபனியைக் கூட்டுங்கள்.